கொல்மாரின் யன்னல்களை எண்ணிய அம்மாவுக்கு

என் அன்பான அம்மாவுக்கு,

கொல்மாருக்குப் போய் வந்துவிட்டோம். நானும் அப்பாவும்தான். உங்கள் எண்ணிக்கையில் மூன்று இடத்தில் பிழை இருக்கிறது. கோபிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நேற்று உங்கள் இரண்டாம் வருடத் திவசம். ஐயர் வந்து செய்ய வேண்டியதெல்லாம் செய்தார், சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னார். ஆனால் ஐயருக்குக் கொல்மார் தெரியாது. அதனால் அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த சிலதையும் அவர்களுக்காகத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கம்போல "ஓமோம், தெரியும், மேல சொல்லு" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருடம் அறை துப்புரவாக்கினீர்கள். அதே ஹோட்டலின் குசினியில் அப்பா சமையலுக்கு நின்றார். உங்களிடம் புதிதாக ஒரு மாடியைத் தந்தால் நீங்கள் முதலில் வாளியைத் தொடுவதில்லை. விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து யன்னல்களை எண்ணுவீர்கள். "எண்ணிப்போட்டுத் தொடங்கினா வேலை பெரிசாத் தெரியாது பிள்ளை" என்பீர்கள். போகப் போக அந்தப் பழக்கம் ஹோட்டலுக்கு வெளியிலும் உங்களோடு வந்தது. பேர்ணில் பாராளுமன்றக் கட்டடத்தைக் காட்டினோம். அண்ணாந்து பார்த்துவிட்டு, "வடிவாத்தான் கிடக்கு. உந்த மேல் யன்னலை வெளியால ஆர் துடைக்கிறது?" என்று கேட்டீர்கள். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. நான் சிரித்துச் சிரித்து அங்கேயே குந்திவிட்டேன்.

இப்போது நான் எம்மன்புரூக்கேயில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வரைபடம் கீறுகிறேன். யன்னல் கீறும் ஒவ்வொரு முறையும் உங்கள் குரல் கேட்கிறது. "இவள் ஏன் எப்பவும் உள்ளுக்குத் திறக்கும் யன்னலே வைக்கிறாள்?" என்று பொறுப்பாளர் ஒருநாள் கேட்டார். துடைக்கிறவர்கள் கீழே விழாமல் இருக்கத்தான் என்றேன்.

நீங்கள் யன்னல்களை எண்ணி எழுதி வைத்த தாள் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் போய் ஒன்றரை வருடமாகியும் அப்பா உங்கள் சேலை அலுமாரியைத் திறக்கவிடவில்லை. போன புரட்டாதியில் ஒருநாள், அவர் கடைக்குப் போன நேரம், நானே திறந்தேன். கதவின் உட்பக்கத்தில் நாலு மூலையிலும் ஒட்டுநாடாவால் ஒட்டி அது இருந்தது. பிரான்சில் இருக்கும் கொல்மார் நகரத்துப் பழைய வீடுகளின் படங்கள் போட்ட, உல்லாசப் பயணிகளுக்கான மடிப்புத் தாள். யாரோ ஒரு விருந்தினர் அறைக் குப்பைக் கூடையில் போட்டதை எடுத்து வந்தேன் என்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அதை இவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள் என்பது தெரியாது. ஒன்பது படங்கள். எட்டுப் படங்களின் கீழே பென்சிலால் ஒவ்வோர் எண். அந்த வீட்டின் யன்னல்கள்! ஒன்பதாவது ஓர் ஓவியத்தின் படம், சிலுவையில் யேசு. அதற்குக் கீழே எண் இல்லை. "இதை எப்பிடித் துடைக்கிறவை?" என்று எழுதியிருந்தீர்கள்.

அலுமாரிக்குள் தலையை விட்டபடி அழுதேன். பிறகு சிரித்தேன். பிறகு அப்பா வந்துவிட்டார்.

ஏன் அங்கே போகவில்லை என்று மற்றவர்கள் கேட்பார்கள். இன்டர்லாக்கனிலிருந்து மூன்று மணி நேரம் கூட இல்லை. ஆனால் நமக்கு அப்போது எஃப் விசா. நாட்டுக்குள் இருக்கலாம், எல்லையைத் தாண்டக் கூடாது. பாசல் வரை போய், அந்தப் பக்கம் பிரான்ஸ் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறோம். பிறகு சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டும் வந்தது, காரும் வந்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு வருடம் இரண்டு தடவை போனோம். வழியில் கொல்மார் என்று பெரிய பலகை வரும். நீங்கள் பின் ஆசனத்திலிருந்து, "இஞ்சேருங்கோ, ஒருக்கா இறங்கிப் பாப்பமோ?" என்பீர்கள். அப்பா, "சாப்பாடு ஆறிப்போகும். வரேக்கை பாப்பம்" என்பார். வரும்போது இருட்டிவிடும். எத்தனை தடவை, அம்மா? நீங்கள் ஒருமுறை கூடக் குரலை உயர்த்தவில்லையே. நானென்றால் ஓடும் காரிலிருந்து குதித்திருப்பேன்.

அந்த "வரேக்கை பாப்பம்" அப்பாவை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனி அப்பாவின் காலுக்கு வருகிறேன். இதைத்தான் உங்களிடம் சொல்லப் பயந்தேன்.

அவருடைய நீரிழிவு, நீங்கள் சொல்லும் சீனி வருத்தம், உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, நீங்கள் போன பிறகு அவர் அதைக் கவனிக்காமல் விட்டது. இடது காலின் கடைசி இரண்டு விரல்களில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை, விரல்கள் கறுத்தன. பேர்ணில் பெரிய ஆஸ்பத்திரியில் டொக்டர் எனக்கு முன்னாலேயே சொன்னார்: இந்த இரண்டு விரலையும் எடுத்தால் கால் தப்பும், பிந்தினால் பாதமே போகும், அதற்கும் பிந்தினால் உயிர். ஒரு வியாழக்கிழமைக்கு நாளும் குறித்துத் தந்தார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "நான் வெட்ட மாட்டன்" என்றார்.

"ஏனப்பா?"

"கொம்மா ஒரு நாள் ஆஸ்பத்திரியில படுத்தவளோ? ஒரு கீறல் இல்லாமல் முழுசாப் போனவள். நான் துண்டு குறைஞ்சு போய் அவளுக்கு முன்னால நிக்கிறதோ?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். "எரிச்சா எல்லாரும் ஒரு சட்டி சாம்பல்தான் அப்பா, ஆருக்கு எத்தினை விரல் எண்டு ஆர் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் அவர் என் தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, "புண் காயுது. சின்னப் புண்தான். நீ யோசியாதை" என்றார். நான் நம்பினேன். நம்பத்தான் விருப்பமாக இருந்தது.

நான் உங்கள் அலுமாரியைத் திறந்தது அந்தக் கிழமையில்தான். திட்டுவார் என்று நினைத்தேன். அப்பா அந்தத் தாளைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, ஒன்பது படத்தையும் பார்த்தார். "அவள் எழுதினது சரியோ எண்டு ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்" என்றார். போய் வந்து வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவீர்களா என்று கேட்டேன். "முதல் கொல்மார்" என்றார். நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன். அது ஓம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் போனோம். அப்பா புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் பார்சல் கட்டி வைத்திருந்தார். பாசலைத் தாண்டியதும் வழிப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். கொல்மார் பலகை வந்தது. நான் காரைத் திருப்பினேன். "ம்" என்றார், அவ்வளவுதான்.

அம்மா, அந்த ஊர் உங்கள் தாளில் இருந்ததைவிட நல்ல ஊர். தடித்த மரச்சட்டங்களை நெடுக்காகவும் குறுக்காகவும் சரிவாகவும் கோத்து, இடைவெளியைச் சாந்தால் நிரப்பிக் கட்டிய வீடுகள். ஒரு மாடியைவிட அடுத்த மாடி தெருப் பக்கம் கொஞ்சம் நீளும், அதைவிட அடுத்தது இன்னும் கொஞ்சம். ஒடுங்கிய தெருவில் எதிரெதிர் வீடுகள் மேலே போய் ஒன்றையொன்று தொடப் பார்க்கின்றன. எந்தச் சட்டமும் நேராக இல்லை. நான் அலுவலகத்தில் அப்படி ஒரு கோடு கீறினால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. மரம் மரத்துக்குள் நுழையும் மூட்டுகளைப் பார்த்துக்கொண்டு நான் வாயைப் பிளந்து நின்றேன். அப்பா எனக்குப் பின்னால் நின்று உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

முதல் வீடு, ஒரு தெருமூலையில், சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய வீடு. மூலையிலிருந்து வெளியே தள்ளி ஒரு கண்ணாடிக் கூண்டு இரண்டு மாடிக்கு நிற்கிறது. நீங்கள் எழுதியதைவிட நாலு யன்னல் கூட வந்தது. திரும்ப எண்ணினோம். அப்போதும் நாலு கூட. எனக்கு என்னவோபோல் இருந்தது. அப்பா தாளை விரித்து வீட்டுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இஞ்ச பார். படம் எடுத்தவன் ஓரத்தை வெட்டிப்போட்டான். வெட்டுப்பட்ட பக்கத்திலதான் அந்த நாலும் கிடக்கு. அவளில பிழை இல்லை."

மூன்று பிழைக்கும் அதுதான் காரணம், அம்மா. நீங்கள் படத்தில் இருந்ததைச் சரியாக எண்ணினீர்கள். வீடு படத்துக்கு வெளியிலும் இருந்தது.

இன்னொரு வீட்டின் முகப்பு முழுக்கத் தலைகள். கல்லிலும் மரத்திலும் செதுக்கிய சின்னச் சின்னத் தலைகள். சிரிப்பவை, முழிப்பவை, பல்லை இளிப்பவை. யன்னலுக்கு யன்னல் நடுவில் ஒன்று. "அது உன்ர பெரியம்மா" என்றார் அப்பா. "அங்க மேல, நாக்கை நீட்டுறது எங்கட பழைய செஃப்." பக்கத்தில் நின்ற ஜப்பான்காரர்கள் நாங்கள் சிரித்ததைப் பார்த்துத் தாங்களும் சிரித்தார்கள். நீங்கள் நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். உந்தத் தலையளுக்குத் தூசி தட்டுறது ஆர்?

தோல் பதனிடுபவர்கள் முன்பு இருந்த தெருவில் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்தது. உயர்ந்த வீடுகள், கூரைக்குக் கீழே நீளமான திறப்புகள். தோலைக் காயப்போடக் காற்று வருவதற்கு விட்டவை. அவையும் யன்னல்தான் என்றேன் நான். கட்டடம் படித்தவள் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

"நீ என்னத்தையும் படி. கண்ணாடி இல்லாட்டி அவள் எண்ணமாட்டாள். துடைக்க ஒண்டும் இல்லையே."

அந்தத் திறப்புகளை விட்டு எண்ணினோம். உங்கள் எண் அப்படியே வந்தது. அப்பா தெருவின் நடுவில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருடம் உங்களோடு வாழ்ந்ததற்கு அன்றுதான் பட்டம் கிடைத்ததுபோல.

வாய்க்கால் ஓரத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து புட்டுச் சாப்பிட்டோம். நீலம், மஞ்சள், செங்கல் நிறம் என்று வீடுகள் வரிசையாகத் தண்ணீரில் கால் வைத்து நிற்கின்றன. அப்பா வழியில் வந்த எல்லா வாங்கிலும் இருந்து களைப்பாறினார். வயது போய்விட்டது என்று நினைத்தேன். ஒருமுறை கூட நான் குனிந்து அவர் காலைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் ஒன்பதாவது படத்துக்குப் போனோம்.

முன்பு கன்னியாஸ்திரிகள் இருந்த மடம், இப்போது ஓவியங்களும் சிற்பங்களும் வைத்த நூதனசாலை. நடுவில் ஒரு முற்றம், சுற்றிவரக் கல் வளைவுகள். மடத்தின் பழைய தேவாலயத்துக்குள்தான் அந்த ஓவியம் இருக்கிறது. உயர்ந்த, ஒடுங்கிய கூடம். நான் வழக்கம்போல அண்ணாந்துகொண்டே உள்ளே போனேன், வளைவுகள் மேலே எங்கே சேர்கின்றன என்று பார்க்க. பக்கத்தில் அப்பா இல்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

திரும்பினேன். வாசலில், சுவர் ஓரமாக, அவருடைய சப்பாத்துகள் இருந்தன. கோயில் வாசலில் விடுவதுபோல ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுங்காக.

அந்த ஓவியம் ஒரே பலகை இல்லை, அம்மா. கதவு கதவாகத் திறக்கும் பெரிய பீடமாக அது இருந்திருக்கிறது. இப்போது கதவுகளைப் பிரித்துத் தனித்தனியே நிறுத்தியிருக்கிறார்கள், முன்னாலும் பின்னாலும் பார்க்கும்படி. அதனால் சுற்றி வரலாம். அப்பா சுற்றி வந்துகொண்டிருந்தார். கைகூப்பி, வலமாக, நாம் அம்மன் கோயிலில் சுற்றுவதுபோல. உல்லாசப் பயணிகள் விலகி வழிவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் என்னைக் கடந்து போனபோதுதான் நான் கீழே பார்த்தேன். இடது காலுறையின் முன்பக்கம் முழுக்க நனைந்து கறுப்பாக இருந்தது. கல் தரையில் அடிக்கு அடி ஒரு சின்ன ஈரம்.

"அப்பா! இதுதான் சின்னப் புண்ணோ? இதுதான் காயுதோ?"

கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் நிற்கவில்லை.

"மூண்டாம் சுத்து முடியட்டும்" என்றார்.

"என்னட்டப் பொய் சொன்னியள்!"

"ஓம் சொன்னன். இப்ப கத்தாதை, கோயிலுக்குள்ள."

காவலுக்கு நின்ற பெண்மணி வந்துவிட்டார். அறுபதை நெருங்கும் வயது, கழுத்தில் அடையாள அட்டை. முதலில் பிரெஞ்சில் சப்பாத்தைக் காட்டி ஏதோ சொன்னார். என் பள்ளிக்கூடப் பிரெஞ்சு அந்த நேரம் பார்த்து ஓடி ஒளிந்துவிட்டது. அப்பாதான் தன் குசினி ஜெர்மனில், மன்னிக்க வேண்டும், எங்கள் வழக்கம் இது, சாமிக்கு முன்னால் சப்பாத்துப் போடுவதில்லை என்றார். அந்தக் காவல்கார அம்மாவின் முகம் விரிந்தது. கொல்மார் இருக்கும் அல்சாஸ் பக்கத்தில் மூத்தவர்கள் வீட்டில் பேசும் மொழி நம்முடைய சுவிஸ் ஜெர்மனுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அவர் அதில் பேசினார், அப்பா எங்கள் மலைப்பக்கத்து ஓபர்லாந்து ஜெர்மனில் பதில் சொன்னார், இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கியது. பிறகு அவர் அப்பாவின் காலைப் பார்த்தார். போய்த் தன்னுடைய மடிக்கதிரையைக் கொண்டுவந்து ஓவியத்துக்கு முன்னால் விரித்தார்.

அப்பா அதில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. சட்டைப் பையிலிருந்து உங்கள் தாளை எடுத்தார். காலுக்கு ஏதாவது மருந்து கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"இதை எப்பிடித் துடைக்கிறவை எண்டு என்ர மனிசி கேட்டவ" என்று அந்தக் காவல்கார அம்மாவிடம் ஜெர்மனில் கேட்டார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார். சில வருடங்களுக்கு முன் அந்தத் தொழில் தெரிந்தவர்கள் வந்து நாள் கணக்கில், மாதக் கணக்கில் இருந்து, சின்னப் பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தார்களாம். மேலே மஞ்சளாகிப் போயிருந்த பழைய வார்னிஷ் போனதும் அடியில் இருந்த நிறங்கள் திரும்பி வந்தனவாம். பஞ்சால்தான், அம்மா. உங்கள் கேள்விக்குப் பதில் அது. அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். வாளியும் துணியும் கொண்டு போயிருந்தால் உங்களுக்கு வேலை கிடைத்திருக்காது.

அதற்குப் பிறகுதான் அவர் ஓவியத்தை நிமிர்ந்து பார்த்தார்.

சிலுவையில் இருக்கும் அந்த உடம்பைத் தாளில் நீங்கள் சின்னதாகத்தான் பார்த்திருப்பீர்கள். நேரில் அது ஆளுயரத்துக்கும் மேல். உடம்பு முழுக்கப் புண். பச்சை ஏறிய தோல், முறுக்கிய விரல்கள், வீங்கிய பாதங்கள். இப்படி ஒரு சாமியை ஏன் கீறினார்கள் என்று அப்பா கேட்டார். அந்த அம்மா சொன்னார். இது இந்த மடத்துக்காகச் செய்தது இல்லையாம். கொஞ்சத் தூரத்தில் ஒரு மடம், அங்கே துறவிகள் நோயாளிகளைப் பார்த்தார்கள். பழுதான தானியத்தில் சுட்ட பாண் ரொட்டியைத் தின்று வந்த ஒரு நோய். உடம்பு நெருப்பாக எரியும், கை விரல் கால் விரல் கறுத்துப்போகும். உயிரைக் காப்பாற்ற வெட்டித்தான் எடுக்க வேண்டும். வந்தவர்களை முதலில் இந்தப் படத்துக்கு முன்னால்தான் கொண்டுவந்து விடுவார்களாம்.

"கறுத்த விரல்" என்றார் அப்பா. குனிந்து தன் இடது காலைப் பார்த்தார்.

சுவரில் அந்தப் பீடத்தின் சின்ன மாதிரி ஒன்று இருந்தது, கதவுகளோடு. அந்த அம்மா அப்பாவுக்காக அதை விரலால் திறந்து காட்டினார். சிலுவை சரி நடுவில் இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதனால் கதவு பிரியும்போது யேசுவின் ஒரு கை உடம்பிலிருந்து பிரிந்து போகிறது. கீழே அவரைக் கிடத்தியிருக்கும் நீளப் பலகையும் இரண்டாகப் பிரிகிறது. அதில் கால்கள் அறுபட்டு விலகுகின்றன. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்களோ, தற்செயலோ, இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள் என்றார் அவர். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த கை இல்லாதவனும் கால் இல்லாதவனும் அதைக் கவனிக்காமல் இருந்திருப்பார்களா என்று கேட்டார்.

திறந்த கதவுக்கு உள்ளே என்ன இருந்தது தெரியுமா, அம்மா? அதே யேசு. செம்மஞ்சள் ஒளிக்கு நடுவில், கையை விரித்து, காற்றில் எழும்புகிறார். கையும் இருக்கிறது, காலும் இருக்கிறது. ஒரு புண் இல்லை, அந்த ஆணித் தழும்புகளைத் தவிர.

அப்பா அந்தச் சின்ன மாதிரியைப் பார்த்தார். எழும்பிப் போய் உண்மையான பலகையைப் பார்த்தார். திரும்பி வந்து மாதிரியை ஒருமுறை தானே மூடித் திறக்கலாமா என்று கேட்டார். அந்த அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சரி என்றார். அப்பா மூடினார். திறந்தார். திரும்ப மூடினார், திரும்பத் திறந்தார். நான் அழுதுகொண்டு பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வது? சொல்லவேண்டியதை எல்லாம் முதலே சொல்லித் தொலைத்திருந்தேனே.

அவர் கதிரையில் திரும்ப இருந்து, தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"வியாழக்கிழமை எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஏழரைக்கு அப்பா."

"அப்ப ஆறு மணிக்கு வெளிக்கிட வேணும். சப்பாத்தை எடுத்துத் தா."

அந்த அம்மா மருந்துப் பெட்டியிலிருந்து துணி எடுத்துக் காலைச் சுற்றிக் கட்டிவிட்டார். நான் சப்பாத்தைப் போட்டுவிட்டேன். வாசலில் வைத்து, "மெர்சி ஃபீல்மால்" என்று நன்றி சொல்லி அப்பா அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுகமாகி இரண்டு காலாலும் நடந்து வந்து இடையில் விட்ட சுற்றை முடியுங்கள் என்று அவர் சொன்னார். அப்பாவுக்கு அப்போதுதான் மூன்றாவது சுற்று முடியவில்லை என்பது ஞாபகம் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார், குற்றவாளி நான்தான் என்பதுபோல. ஓம், நான்தான்.

வியாழக்கிழமை விரல்களை எடுத்தார்கள். இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் பாதம்தான் என்று டொக்டர் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் அப்பா போர்வையைத் தூக்கிப் பார்த்தார். "எட்டுக் கிடக்கு. எண்ணிப் பாத்தன்" என்றார். உங்களிடமிருந்துதானே அந்தப் பழக்கம். அடுத்ததாகச் சொன்னது ஆஸ்பத்திரிச் சூப்பைப் பற்றி. அதை எழுத மாட்டேன், சமைத்தவர் யாராவது வாசிக்கக்கூடும்.

இப்போது அவருக்கென்று அளவெடுத்துச் செய்த சப்பாத்து இருக்கிறது. ஏரிக்கரை வரை தடி இல்லாமல் போய் வருகிறார். நேற்று உங்கள் படையலுக்கு அவர்தான் நின்று சமைத்தார். இருக்கச் சொன்னால் என்னைக் குசினியை விட்டே துரத்தினார். கத்தரிக்காய்க்கு உப்புக் கூடிப்போனது என்று சாப்பிடும்போது தன்னையே திட்டிக்கொண்டார். உப்புக் கூடத்தான். ஆனால் எல்லோரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

உங்கள் தாளைத் திரும்ப அலுமாரிக் கதவிலேயே ஒட்டிவிட்டோம். மூன்று எண்களைத் திருத்தியிருக்கிறோம். உங்கள் எண்ணை அழிக்கவில்லை, பக்கத்தில் எழுதியிருக்கிறோம். ஒன்பதாவது படத்தின் கீழ், உங்கள் கேள்விக்குப் பக்கத்தில், அப்பாவின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "பஞ்சால. கொஞ்சம் கொஞ்சமா." அலுமாரி இப்போது பூட்டுவதில்லை. சேலைகளில் நாலைந்தை நான் எடுத்துக்கொண்டேன். நீலக்கரை போட்டதையும்தான். கேட்காமல் எடுத்ததற்கு மன்னியுங்கள்.

சித்திரையில் திரும்பக் கொல்மார் போகிறோம். மூன்றாவது சுற்று மிச்சம் இருக்கிறது. அந்தக் காவல்கார அம்மாவுக்கு அப்பா பருத்தித்துறை வடை சுட்டுக்கொண்டு போகப் போகிறாராம். உங்களுக்கு ஒன்று சத்தியம் பண்ணுகிறேன், அம்மா. இனி எந்த ஊரையும் "வரேக்கை பாப்பம்" என்று சொல்லிக் கடந்து போகமாட்டோம். போகும்போதே இறங்குவோம். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

அப்பா உங்களிடம் வர இன்னும் கனகாலம் இருக்கிறது, நான் விடமாட்டேன். வரும்போது நீங்கள் வாசலிலேயே எண்ணிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எட்டுத்தான் வரும். திரும்ப எண்ணினாலும் எட்டுத்தான். அவரில் பிழை இல்லை, அம்மா. படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப்போன அந்த யன்னல்களைப் போல, மற்ற இரண்டையும் நீங்களே சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே திறக்கும் யன்னல்களையே இன்னும் கீறிக்கொண்டிருக்கும்
உங்கள் ஒரே மகள்,
வாசுகி